படகுக்குள் கதகதப்பு: உயிருக்கு உலை வைக்காத ஹீட்டர் எது?

2019 டிசம்பர். இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையில் கட்டிப் போட்டிருந்த ஓர் உல்லாசப் படகு. குளிர்காலம் என்பதால் படகின் அறைக்குள் டீசல் ஹீட்டர் ஓடிக் கொண்டிருந்தது. உள்ளே இருந்த இருவரும் மீண்டும் எழவில்லை. ஹீட்டரின் புகை வெளியே போக வேண்டிய குழாயிலிருந்து படகுக்குள்ளேயே கசிந்திருந்தது. புகையோடு வந்த கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும் அலாரமும் அந்தப் படகில் இல்லை.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு இந்தச் சம்பவத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஹீட்டரைத் தொழில் தெரிந்தவர்கள் பொருத்தவில்லை என்பதும் அதில் தெரிய வந்தது. அது விசைப்படகு. ஆனால் அதே வகை ஹீட்டர்தான் ஐரோப்பாவின் ஆயிரக்கணக்கான பாய்மரப் படகுகளிலும் இருக்கிறது. அதனால்தான் அங்கே ‘எந்த ஹீட்டர் வாங்கலாம்?’ என்ற கேள்வியோடு ‘அதை எப்படிப் பொருத்துவது, எப்படிப் பயன்படுத்துவது?’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

குளிர் எங்கிருந்து வருகிறது?

லங்காவியிலோ போர்ட் டிக்சனிலோ படகு வைத்திருப்பவருக்கு ஹீட்டர் தேவையில்லை. ஒரு விசிறி கிடைத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் கடல் எல்லா இடத்திலும் நம் மலாக்கா நீரிணைபோல் வெதுவெதுப்பாக இருப்பதில்லை. 1999ஆம் ஆண்டு லங்காவியில் புறப்பட்டு, ‘ஜாலூர் கெமிலாங்’ பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றி வந்த டத்தோ அஸ்ஹார் மன்சோரும் தென்கோடிக் கடலின் கடுங்குளிரைக் கடந்துதான் வீடு திரும்பினார்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை எடுத்துக் கொள்வோம். ஓபன் துறைமுகத்திலிருந்து ஸ்கை தீவு வரையிலான பகுதி பாய்மரப் படகோட்டிகளுக்கு மிகவும் பிடித்த இடம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே படகுகள் குவியும். அந்தக் கடல்நீரின் வெப்பம் குளிர்காலக் கடைசியில் சுமார் 7 டிகிரி செல்சியஸ். நல்ல கோடையான ஆகஸ்டில்கூட 13, 14 டிகிரிதான். நம் கேமரன் மலையின் இரவுக் குளிரைவிட அது ஒரு படி அதிகம். அந்த நீரில்தான் படகின் அடிப்பாகம் இரவும் பகலும் மூழ்கிக் கிடக்கிறது.

இன்றைய பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் கண்ணாடியால் ஆனவை. வெளியே 10 டிகிரி என்றால், சற்று நேரத்தில் உள்சுவரும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்து விடும்.

குளிரைவிடத் தொல்லை ஈரம்

தே ஓ ஐஸ் வாங்கி மேசையில் வைத்தால், சற்று நேரத்தில் கிளாஸின் வெளிப்புறம் வேர்த்து விடும். கிளாஸ் ஒழுகவில்லை; காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. படகில் இதுவே உள்பக்கமாக நடக்கிறது.

இருவர் ஓர் இரவு உறங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே ஏறத்தாழ அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கும். அதோடு சமைக்கும் ஆவி, நனைந்த மழைக்கோட்டு, ஈரத்துணி எல்லாம் சேரும். இந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த ஃபைபர் சுவரில் படிந்து வழியும். மெத்தையின் அடிப்பக்கம் நனையும். மரப்பலகையில் கருப்புப் பூசணம் பிடிக்கும்.

தோட்டத்தில் ஷீட் ரப்பர் உலர்த்திய புகைக்கூடத்தை அறிந்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும். உள்ளே வெப்பம் மட்டும் இருந்தால் ஷீட் காயாது. ஈரக்காற்று மேலே வெளியேற வழி இருக்க வேண்டும். கீழிருந்து புதுக்காற்று நுழைய வேண்டும். படகின் அறையும் அப்படித்தான். நல்ல ஹீட்டர் என்பது அறையைச் சூடாக்கும் கருவி மட்டுமல்ல, உலர வைக்கும் கருவியும்கூட.

முதல் கேள்வி: புகைக்குழாய் உண்டா?

ஹீட்டர்களில் எத்தனையோ வகை உண்டு. ஆனால் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். எரிந்த புகை குழாய் வழியாக வெளியே போகிறதா, அல்லது அறைக்குள்ளேயே கலக்கிறதா?

எண்ணெயோ கேஸோ எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் பிறக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படும். ஒரு கிலோ புரோப்பேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர். புகைக்குழாய் உள்ள ஹீட்டரில் இது வெளியே போய் விடும். குழாய் இல்லாத ஹீட்டரில் அத்தனையும் அறைக்குள்ளேயே தங்கும். ஈரத்தை விரட்டவென்று வாங்கிய ஹீட்டர், தானே ஈரத்தைக் கொட்டும்.

மண்ணெண்ணெய் விளக்கு, ஸ்பிரிட்டில் எரியும் சிறு ஹீட்டர், குழாயில்லாத கேஸ் ஹீட்டர் ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சமையல் அடுப்பைப் பற்ற வைத்து, அதன்மேல் மண் பூந்தொட்டியைக் கவிழ்த்துக் குளிர்காய்வது படகோட்டிகளிடையே பழைய வழக்கம். தொட்டி சூடேறிக் கதகதப்பைத் தருவது உண்மைதான். ஆனால் அடுப்பு மூடிய அறையின் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ சரியாக எரியாது. அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு பெருகும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் ‘எஷ்கால்’ என்ற மீன்பிடிப் படகில் இருவர் இறந்தனர். குளிருக்காகக் கேஸ் அடுப்பின் கிரில்லை எரிய விட்டபடியே அவர்கள் உறங்கியிருந்தனர். அந்தப் படகிலும் அலாரம் இல்லை.

சமையல் அடுப்பு சமைக்க மட்டுமே. குழாயில்லாத எந்தத் தீயையும் எரிய விட்டுத் தூங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

டீசல் காற்று ஹீட்டர்: லோரியிலிருந்து வந்தது

இன்று ஐரோப்பியப் பாய்மரப் படகுகளில் பரவலாகக் காணப்படுவது இந்த வகைதான். ஜெர்மனியின் வெபாஸ்டோ, ஏபர்ஷ்பேக்கர் ஆகிய இரு நிறுவனங்களின் பெயர்கள் இதில் மிகவும் பழக்கமானவை. குளிர்நாடுகளில் இரவில் லோரியிலேயே உறங்கும் ஓட்டுநர்களும் இதே வகை ஹீட்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இது இயங்கும் விதம் எளிது. ஒரு சிறு பம்பு ‘டிக், டிக்’ என்ற ஒலியோடு டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். பழுக்கக் காய்ந்த ஒரு பிளக் அதைப் பற்ற வைக்கும். தீ எரியும் அறை தனியாக மூடப்பட்டிருக்கும். அதற்கு வேண்டிய காற்று ஒரு குழாயில் வரும். எரிந்த புகை இன்னொரு குழாயில் வெளியே போகும். படகின் காற்று அந்தச் சூடான அறையின் வெளிப்புறத்தை மட்டும் தொட்டுச் சூடேறி, விசிறியால் உள்ளே தள்ளப்படும். நெருப்புப் பட்ட காற்றும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை.

2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.28 லிட்டர் டீசல் குடிக்கும். பற்ற வைக்கும்போது மட்டும் சில நிமிடங்களுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 8 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். எரியத் தொடங்கிய பின் 1 முதல் 3 அம்பியர் போதும். எஞ்சினுக்கு வைத்திருக்கும் டீசலையே பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய வசதி.

குறைகளும் உண்டு. விசிறிச் சத்தம் வரும். பேட்டரி இறங்கி விட்டால் ஹீட்டர் பற்றாது. பழுது பார்க்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். இப்போது சீனாவில் தயாராகும் மலிவான ஹீட்டர்களும் இணையத்தில் நிறைய விற்பனையாகின்றன. பலர் வாங்குகிறார்கள், பலருக்கு நன்றாகவே ஓடுகின்றன. கவனிக்க வேண்டியது ஹீட்டரோடு வரும் புகைக்குழாயையும் சைலன்சரையும்தான். அவை பெரும்பாலும் வேன், லோரிக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. வண்டிக்கு அடியில் திறந்த வெளியில் தொங்கும் சைலன்சர் சிறிது கசிந்தாலும் காற்றோடு போய் விடும். அதையே படகின் மூடிய பெட்டிக்குள் வைத்தால், கசியும் புகை தூங்குகிறவரிடம் வந்து சேரும். ஹீட்டரில் காசை மிச்சப்படுத்தினாலும், புகைக்குழாயும் சைலன்சரும் காற்றுப் புகாத, படகுக்கென்றே செய்யப்பட்ட வகையாக இருக்க வேண்டும்.

சொட்டு எண்ணெய் அடுப்பு: மின்சாரம் வேண்டாம்

டென்மார்க்கின் ரெஃப்ளெக்ஸ், கனடாவின் டிக்கின்சன், பிரிட்டனின் டெய்லர்ஸ் போன்ற அடுப்புகள் வேறு ரகம். வட கடல்களின் மீன்பிடிப் படகுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருபவை. உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கி, அடுப்பின் அடியில் சொட்டும். அங்கே நீல நிறத்தில் அமைதியாக எரியும். புகை நேராக மேலே ஏறி, தளத்தைத் துளைத்துச் செல்லும் குழாய் வழியாக வெளியேறும்.

விசிறி இல்லாத மாடல்களுக்கு மின்சாரமே வேண்டாம். சத்தமும் இல்லை. சிலவற்றின் தலைமேல் கெண்டி வைத்துத் தேநீர் போடலாம். நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் ஒரே விரிகுடாவில் தங்குகிறவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஆனால் பாய்மரப் படகு காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும். அப்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கித் தீ ஒழுங்காக எரியாது. ஆகவே பலர் இதை நங்கூரம் போட்ட பிறகே பற்ற வைப்பார்கள். குழாய் குட்டையாக இருந்தால் இழுவை போதாமல் கரி படியும். காற்று மேலிருந்து கீழே அடித்தால் புகை அறைக்குள் திரும்பும். லயத்து வீட்டில் விறகு அடுப்பு வைத்துச் சமைத்த பாட்டிமாருக்கு இது புதிய செய்தியல்ல; மழைக்காற்று திசை மாறி அடித்த நாளில் குசினியே புகையால் நிறைந்திருக்கும். படகில் இதற்காகவே குழாயின் உச்சியில் சிறப்பு மூடி போடுகிறார்கள்.

கேஸ் ஹீட்டர்: காற்றைவிடக் கனமான ஆபத்து

ஜெர்மனியின் துரூமா, பிரிட்டனின் புரோபெக்ஸ் போன்ற கேஸ் ஹீட்டர்களும் உண்டு. இவற்றின் தீயும் மூடிய அறைக்குள்தான் எரியும். புகை வெளியே போகும். சத்தம் குறைவு, டீசல் வாடை கிடையாது, பற்ற வைப்பதும் எளிது.

கவனம் கேஸின் மேல்தான் இருக்க வேண்டும். வீட்டில் கேஸ் தோம்பு கசிந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து வெளியேற்றுகிறோம். படகில் அது முடியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கிப் படகின் அடிவயிற்றில் குளம்போல் தேங்கும். ஏதோ ஒரு சுவிட்சின் பொறி போதும். அதனால்தான் படகில் கேஸ் தோம்பைத் தனிப் பெட்டியில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வடிகுழாய் நேராகப் படகுக்கு வெளியே போகும். கசியும் கேஸ் உள்ளே வராமல் கடலில் இறங்கி விடும்.

குளிர்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பியூட்டேன் கேஸ் 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்தி விடும். தோம்பில் கேஸ் இருக்கும், அடுப்புக்கு வராது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். எனவே குளிர்காலத்தில் புரோப்பேன்தான் கைகொடுக்கும்.

விறகும் கரைமின்சாரமும்

சிறு இரும்பு அடுப்பில் விறகோ நிலக்கரியோ எரிப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல உலர்ந்த வெப்பம் கிடைக்கும்; பார்க்கவும் அழகு. ஆனால் சின்னப் படகில் விறகை எங்கே அடுக்குவது? சாம்பலை எங்கே கொட்டுவது? அடுப்பைச் சுற்றியுள்ள மரப்பலகை சூடேறாமல் இடைவெளியும் தகடும் வேண்டும். பழைய மரப்படகுகளுக்கும், ஆற்றிலும் கால்வாயிலும் நிற்கும் குடியிருப்புப் படகுகளுக்கும் இது அதிகம் பொருந்தும்.

படகு துறையில் கட்டியிருந்தால் எல்லாவற்றிலும் எளியது மின்சார ஹீட்டர்தான். தீ இல்லை, புகை இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. 1 கிலோவாட் விசிறி ஹீட்டர் போதும். தரமான, உப்பு அரிக்காத பிளக்கும் வயரும் அவசியம். தளர்ந்த பிளக் சூடேறித் தீப்பற்றக் கூடும்.

ஆனால் கரையை விட்டுக் கிளம்பினால் இந்த ஹீட்டரால் பயனில்லை. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தி 1.2 கிலோவாட்-மணி. சாதாரண ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அதாவது, அரை மணி நேரக் கதகதப்புக்கே பேட்டரி ஓய்ந்து விடும். நங்கூரம் போட்டுத் தங்குகிறவருக்கு எண்ணெயோ கேஸோ விறகோதான் வழி.

பெரியது வாங்கினால் நல்லதா?

‘எதற்கும் பெரிதாகவே வாங்கி வைப்போம்’ என்ற எண்ணம் டீசல் ஹீட்டரில் எதிராகத் திரும்பும். படகுக்குத் தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் வைத்தால், அறை சீக்கிரம் சூடேறி, அது எப்போதும் குறைந்த தீயிலேயே ஓடும். குறைந்த தீயில் டீசல் முழுமையாக எரியாது. உள்ளே கரி படியும். சில மாதங்களில் புகை கக்கும், பிறகு பற்றவே மறுக்கும்.

பொதுவாக 8 முதல் 9 மீட்டர் நீளமுள்ள படகுக்கு 2 கிலோவாட் போதும். 11 முதல் 12 மீட்டர் படகுக்கு 4 கிலோவாட் வரை தேவைப்படும். குளிர்காலத்திலும் படகில் தங்குகிறவருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகலாம்.

ஹீட்டரின் அளவைக் கூட்டுவதற்கு முன்பு வெப்பம் ஓடும் வழிகளை அடைப்பது மலிவு. சூடான காற்று போகும் குழாய்களுக்கு உறை போட வேண்டும். இல்லாவிட்டால் காலியான பெட்டிகளைச் சூடாக்கியே பாதி வெப்பம் வீணாகும். தரையில் விரிப்பு, மெத்தைக்கு அடியில் காற்றோடும் பலகை, கண்ணாடி மூடிகளுக்கு உள்திரை ஆகியவை சில்லறைச் செலவுதான்.

பொருத்தும்போது தவறக் கூடாதவை

டீசல் ஹீட்டரின் வெற்றியும் தோல்வியும் பொருத்துவதில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பின்பக்கத்துச் சாமான் பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

புகைக்குழாய் உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அது கடுமையாகச் சூடேறும் என்பதால் முழு நீளத்துக்கும் தீப்பிடிக்காத உறை போட வேண்டும். அதே பெட்டியில் கயிறு, பாய், பெட்ரோல் கேன் எதுவும் அதைத் தொடக் கூடாது. படகின் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், குழாயை முதலில் மேலே உயர்த்தி வளைத்துப் பிறகு இறக்க வேண்டும். படகு சாயும்போது கடல்நீர் குழாய் வழியாக ஹீட்டருக்குள் புகாமல் இந்த வளைவுதான் தடுக்கும். ஒவ்வோர் இணைப்பையும் இறுக்கி, ஹீட்டரை ஓட விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். எஞ்சின் அதிர்விலும் அலை அடியிலும் இணைப்புகள் தளரும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது கையால் தொட்டுச் சோதிக்க வேண்டும்.

புகை வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் சன்னலோ காற்று நுழையும் துளையோ இருக்கக் கூடாது. வெளியே போன புகை சுற்றிக்கொண்டு மீண்டும் உள்ளே வந்த கதைகள் நிறைய உண்டு.

டீசலை எஞ்சினின் குழாயிலிருந்து பிரித்தெடுக்காமல், தொட்டியிலிருந்து தனிக்குழாயில் எடுப்பது நல்லது. அந்தக் குழாய் தொட்டியின் அடிமட்டம் வரை போகாமல் சற்று மேலேயே நின்று விட வேண்டும். இரவெல்லாம் ஹீட்டர் ஓடினாலும், கடைசியில் எஞ்சினுக்கென்று கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். காலையில் காற்று திரும்பிப் படகு பாறையை நோக்கி நகர்ந்தால், அந்தக் கொஞ்சம்தான் காப்பாற்றும்.

மின்வயர் தடிமனாக இருக்க வேண்டும். ஹீட்டர் பற்றவில்லை என்ற புகார்களில் பல, மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி விடுவதால் வருபவை.

பயன்படுத்தும் முறை

ஹீட்டரை நிறுத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்து விடுவது பலர் செய்யும் தவறு. சுவிட்சை நிறுத்திய பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி, உள்ளே இருக்கும் வெப்பத்தையும் மிச்சப் புகையையும் வெளியே தள்ளும். நடுவே மின்சாரத்தை வெட்டினால் உள்பாகங்கள் வெந்து கெடும். அது தானாக ஓய்ந்த பிறகே மெயினை அணைக்க வேண்டும்.

இரவு முழுவதும் மிகக் குறைந்த தீயில் ஓட விட்டால், நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் முழு வேகத்தில் ஓட விடுவது நல்லது. படிந்த கரி ஓரளவு எரிந்து போகும். கோடையிலும் மாதம் ஒரு தடவை ஹீட்டரை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் தொடாமல் விட்டால், குளிர் வந்த முதல் நாளே அது மக்கர் செய்யும்.

ஹீட்டர் எதுவாக இருந்தாலும் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. ‘குளிர் வருகிறதே’ என்று துணியைச் செருகி அடைப்பது, பல விபத்துகளின் தொடக்கம். மேல் மூடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டால் ஈரக்காற்று வெளியேறும். அறையும் சீக்கிரம் உலரும்.

கடல்மயக்கம் என்று நினைத்தால்…

கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஒட்டிக் கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொள்வதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் திணறுகிறது.

தொடக்க அறிகுறிகள் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு. படகில் இதுதான் பெரிய ஆபத்து. ஏனென்றால் கடல்மயக்கம் வந்தாலும் இதே அறிகுறிகள்தான். ‘அலை அதிகம், கொஞ்சம் படுத்தால் சரியாகி விடும்’ என்று உள்ளே போய்ப் படுப்பவர், விஷக்காற்று இருக்கும் இடத்துக்கே போகிறார். கடல்மயக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காண ஒரு வழி உண்டு. படகில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ, மேலே திறந்த தளத்துக்கு வந்ததும் தெளிந்து, உள்ளே போனதும் திரும்பவும் வந்தாலோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹீட்டரையும் அடுப்பையும்தான்.

மனிதனின் மூக்கு இதைக் கண்டுபிடிக்காது. அலாரம் மட்டுமே கண்டுபிடிக்கும். பிரிட்டனின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் தங்கும் அறையுள்ள படகுகளுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. வாங்கும்போது ‘இ.என். 50291-2’ என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைவும் ஈரமும் உள்ள படகு, கேரவன் போன்ற இடங்களுக்காக வகுக்கப்பட்ட தரம் அது.

அலாரத்தைப் பெட்டிக்குள்ளோ திரைக்குப் பின்னாலோ வைக்கக் கூடாது. தூங்கும் இடத்தில், படுத்திருப்பவரின் தலைக்கு அருகே, சத்தம் காதில் விழும்படி வைக்க வேண்டும். சோதனைப் பொத்தானை அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் மேல் ஒரு காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டினால் பேட்டரி நன்றாக இருந்தாலும் புதிது வாங்க வேண்டும்.

அலாரம் அடித்தால் காரணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது. எல்லாரையும் எழுப்பித் திறந்த வெளிக்குக் கூட்டி வர வேண்டும். கைக்கு எட்டும் மூடிகளைத் திறந்து, ஹீட்டரை நிறுத்த வேண்டும். தலைவலி, மயக்கம் இருந்தால் மருத்துவ உதவியை உடனே நாட வேண்டும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு

பாய்மரப் படகு வாங்கி ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் நம்மில் மிகச் சிலர்தான். ஆனால் அந்தப் படகோட்டியைக் கொல்லும் அதே வாயு நம் பக்கத்திலும் பிறக்கிறது. மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விட்டு, காருக்குள் ஏர்கோண்டுடன் கண்ணயர்வது. வெள்ளத்தில் மின்சாரம் போனதும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஐந்தடியிலோ வைத்து இயக்குவது. கேமரன் மலையில் முகாமிட்டு, பார்பெக்யூ முடிந்த கரி அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பது. ‘தணல்தானே, தீ அணைந்து விட்டதே’ என்று தோன்றும். தீச்சுடர் அடங்கிய கரியிலிருந்துதான் இந்த வாயு அதிகம் வரும்.

பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து என்று படிக்கவும் வேலைக்கும் போகும் பிள்ளைகள், கேஸ் பாய்லரும் பழைய ஹீட்டரும் உள்ள வாடகை வீடுகளில் தங்குகிறார்கள். அவர்களின் பெட்டியில் கம்பளிச் சட்டையையும் மாகி பாக்கெட்டையும் அடுக்கும்போது, பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சேர்த்து வைக்கலாம்.

படகோ வீடோ, ஹீட்டரை எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதைப் பற்ற வைக்கும் முன் அலாரம் சுவரில் இருக்க வேண்டும்.